உரைகல் யார் கையில்?

செட்டிநாட்டு ஊர்களில் பகல் பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவே தெரு வெறிச்சென்று கிடக்கும். முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீளும் வீட்டுக்குள் ஒரு ஆச்சி, சமையலுக்கு வரும் பெண், சில வீடுகளில் ஒரு காவல்காரர், அவ்வளவுதான். பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். பூட்டிய அறைகளுக்குள் கல்யாணச் சாமான்களாக வந்த பித்தளையும் வெண்கலமும் இனாமலும் அடுக்கடுக்காக இருக்கின்றன என்பது வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்த அளவுக்குத் தெருவில் வருகிறவர்களுக்கும் தெரியும்.

தலைச்சுமையாகவும் டிவிஎஸ் எக்ஸெல்லிலும் சரக்கு கொண்டுவருகிறவர்களில் பெரும்பாலோர் வெயிலில் அலைந்து பிழைப்பவர்கள். அவர்களைச் சந்தேகப்பட்டுப் பயனில்லை. ஏமாற்றுக்காரரை முகத்தை வைத்தோ பேச்சை வைத்தோ பிரிக்கவும் முடியாது. இன்னும் சொன்னால், அவர் பேச்சு நல்ல வியாபாரியின் பேச்சைவிட நயமாகவே இருக்கும். பிரித்துக் காட்டுவது வேறொன்று. நல்ல வியாபாரி சரக்கைக் கொண்டுவருவார்; ஏமாற்றுக்காரர் சரக்கோடு சோதனையையும் கொண்டுவருவார். "நீங்க நம்ப வேணாம் ஆச்சி, நானே சோதிச்சுக் காட்டுறேன்" என்று அவர் சொல்லும் இடத்தில்தான் தூண்டில் இருக்கிறது. தெருவில் நடக்கும் ஏமாற்றுகள் பலவற்றையும் அவிழ்த்துப் பார்த்தால் உரைகல்லோ தராசோ தீக்குச்சியோ, அளக்கும் பொருள் எப்போதும் விற்கிறவர் கையில்தான் இருக்கும்.

நகை பாலிஷை எடுத்துக்கொள்வோம். இருவர் வருவார்கள், கையில் ஒரு கம்பெனிப் பை. "புதுசா பவுடர் வந்திருக்கு, காசு வேண்டாம், விளக்கை மட்டும் கொண்டாங்க ஆச்சி." கறுத்த குத்துவிளக்கு இரண்டு நிமிடத்தில் பளபளக்கும். அந்தப் பவுடர் நிஜமாகவே நல்ல பவுடர். அடுத்து வெள்ளிக் கொலுசு, அதுவும் வெளுக்கும். இதற்குள் சோதனை முடிந்துவிட்டதாக வீட்டில் இருப்பவர் நினைத்துக்கொள்வார். மூன்றாவதாகத்தான் கழுத்துச் சங்கிலி. அது இறங்குவது பவுடரில் அல்ல, ஒரு கிண்ணத்துத் திரவத்தில். மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு ஒரு பங்கு நைட்ரிக் அமிலம் சேர்த்த ராஜ திராவகம் அது. தனித்தனியாக இருந்தால் இரண்டு அமிலமும் தங்கத்தை அசைக்காது, சேர்ந்தால் கரைத்துவிடும்.

பிறகு சங்கிலியை மஞ்சள்பொடித் தண்ணீரில் போட்டு, டிபன் பாக்ஸிலோ குக்கரிலோ மூடி, "கால் மணி நேரம் கழிச்சுத் திறங்க" என்பார்கள். மஞ்சளுக்கு இங்கே இரண்டு வேலை. சங்கிலியில் ஒட்டி வரும் திரவத்தின் மஞ்சள் நிறம் கண்ணில் படாது. அமிலம் தின்று மங்கிப்போன நகையும் உடனே தெரியாது. கால் மணி நேரம் என்பது அவர்கள் அடுத்த ஊர் போய்ச் சேர. கிண்ணத்துத் திரவம் அவர்களோடு போய்விடும். அதிலிருந்து தங்கத்தைத் திரும்பப் படியவைத்து எடுப்பது பட்டறை தெரிந்தவர்களுக்குச் சாதாரண வேலை.

அமிலம் மேற்பரப்பை அரிப்பதால் ஒரே எடையுள்ள கெட்டி வளையலைவிடப் பின்னல் சங்கிலியில் இழப்பு அதிகம். பார்வைக்கு நகை அப்படியே இருக்கும். மெலிந்த கண்ணி பின்னால் எப்போதோ அறுந்து, பத்தரிடம் கொண்டுபோகும்போதுதான் எடை குறைந்தது தெரியவரும். அதற்குள் எந்த மாதம் யார் வந்தார் என்பதே மறந்திருக்கும்.

ஆகவே வீட்டிலிருக்கும் ஒவ்வொரு நகையின் எடையையும் ஒரு நோட்டில் கிராமில் எழுதி வையுங்கள். 5 பவுன் என்றால் 40 கிராம். ஆனால் பவுன் கணக்கு போதாது, 39.860 என்பதுபோல் பின்னம் வரை வேண்டும். சமையலறைத் தராசு இதற்கு உதவாது, 0.01 கிராம் காட்டும் சட்டைப்பைத் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அழுக்கு எடுப்பதற்கு வெதுவெதுப்பான தண்ணீரும் நான்கைந்து பூந்திக்கொட்டையும் போதும். பத்து நிமிடம் ஊறவைத்து, தேய்ந்த பல் துலக்கியால் மெல்லத் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்கு போய்விடும். உள்ளே அரக்கு அடைத்த பழைய உருப்படிகளுக்கு இதுவும் கூடாது. சூட்டில் அரக்கு இளகிக் கல் கழன்றுவிடும். முத்துக்கும் வேண்டாம். கழுத்துரு என்னும் கல்யாணத் தாலி நகை போன்றவற்றைத் தெரிந்த ஆசாரியைத் தவிர வேறு யாரும் தொடவே கூடாது.

அடுத்தது புதையல் தங்கம். இந்தப் பக்கத்தில் இது எடுபடுவதற்கு ஒரு காரணம் உண்டு. பழைய வீடுகள் இடிபடுவதும், தேக்குத் தூண்களும் நிலைகளும் லாரியில் போவதும் எல்லோரும் பார்க்கிற காட்சி. "இடிக்கிற வீட்டுல சுவத்துக்குள்ள சட்டி கிடந்துச்சுண்ணே" என்று ஒரு கூலியாள் கிசுகிசுத்தால் நம்பத் தோன்றும். அவர் இரண்டு மணிகளைக் கையில் கொடுத்து, "நீங்களே எங்க வேணும்னாலும் உரசிப் பாருங்க" என்பார். உரசினால் அசல் தங்கமாகவே இருக்கும், ஏனென்றால் அந்த இரண்டும் அசல்தான். பை நிறைய வரப்போவது பித்தளை. சோதனையை நீங்களே செய்ததுபோல் ஒரு எண்ணம் உண்டாகிறது. ஆனால் எதைச் சோதிக்க வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுத்தவர் அவர்.

பையிலிருந்து நாமே ஒரு மணியை எடுத்துச் சோதித்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. பை கைமாறும் நேரம் ஒன்று இருக்கிறது, அவர்கள் தேர்ந்தவர்கள். மேலும், 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டரிடம் தெரிவித்தாக வேண்டும். ரகசியமாக வாங்கினவர் ஏமாந்தபின் ஸ்டேஷன் படியேறத் தயங்குவார். அந்தத் தயக்கமும் அவர்கள் போட்ட கணக்கில் உண்டு.

இதன் ஒன்றுவிட்ட தம்பிதான் இரிடியம் வியாபாரம், 'ரைஸ் புல்லர்' என்றும் சொல்வார்கள். இதில் உங்களிடம் விற்பதற்கு முன் உங்கள் வீட்டுச் செம்பையே புகழ்வார்கள்: இடி விழுந்த செம்பு, கோபுரக் கலசத்து உலோகம், அரிசியை இழுக்கும், வெளிநாட்டில் கோடி ரூபாய். செய்து காட்டும்போது அரிசி நிஜமாகவே ஒட்டும். அடியில் காந்தம், அரிசி மேல் இரும்புத்தூள். இரிடியம் என்பது பிளாட்டினம் வகையைச் சேர்ந்த உலோகம். காந்தத்தோடும் ஒட்டாது, அரிசியோடும் ஒட்டாது. உங்கள் வீட்டு மண்பானையிலிருந்து ஒரு பிடி அரிசி எடுத்துத் தூவினால் கதை முடிந்தது. அதைச் செய்ய விடமாட்டார்கள். "கைபட்டா சக்தி போயிரும்" என்பார்கள். பணம் போவது செம்பு விற்பதில் அல்ல, 'விஞ்ஞானி வந்து சோதிக்கும் கட்டணம்' என்ற பெயரில்.

இனி ஈயம். இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் இங்கே போவது பணம் மட்டுமல்ல, உடம்பும். தமிழில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகத்துக்கு ஓடுகிறது. ரசம் வைக்கும் சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குள் பூசும் பூச்சும் வெள்ளீயம். பாட்டரிக்குள் இருப்பது காரீயம், அது நஞ்சு. புளியும் தக்காளியும் கொதிக்கும்போது காரீயம் கரைந்து ரசத்தில் இறங்கும், சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வெள்ளீயம் காரீயத்தைவிடப் பல மடங்கு விலை. விலை வித்தியாசம் இருக்கும் இடத்தில் கலப்படம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஈயம் பூசுகிறவர் தெருவிலேயே அடுப்பு போடுவார். பாத்திரத்தைத் தேய்த்து, கரியில் சூடேற்றி, நவச்சாரத்தைத் தூவுவார். வெள்ளைப் புகை கிளம்பும். அது உலோகத்தின் மேலிருக்கும் களிம்பை எடுப்பதற்காக. பிறகு ஈயக் குச்சியைச் சூட்டில் தொட்டு, பஞ்சால் ஒரே வீச்சில் இழுத்துவிடுவார். பார்க்க அழகான வேலை. கண் வேலையில் லயித்திருக்கும்போது குச்சியை யாரும் பார்ப்பதில்லை. பூசி முடித்த அன்று வெள்ளீயமும் கலப்பும் ஒன்றுபோலவே வெள்ளியாய் மின்னும். ஆகவே பார்க்க வேண்டியது பூச்சை அல்ல, பூசுவதற்கு முன் குச்சியை. வெள்ளைத் தாளில் அழுத்திக் கோடு இழுங்கள்: காரீயம் பென்சில்போலச் சாம்பல் கோடு போடும். காதருகே வைத்து வளையுங்கள்: சுத்தமான வெள்ளீயம் 'நறநற' என்று முனகும், காரீயம் சத்தமில்லாமல் மடங்கும். இதைவிட நல்ல வழி, பாத்திரக் கடையில் நீங்களே வெள்ளீயம் வாங்கி வைத்துக்கொண்டு, பூசுகிறவருக்குக் கூலி மட்டும் கொடுப்பது. நல்ல வேலைக்காரர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சொம்பாக வாங்கும்போது வளைத்துப் பார்க்க முடியாது. அதற்குத் தண்ணீர் இருக்கிறது. 1 கிராம் காட்டும் சமையலறைத் தராசில் முதலில் சொம்பைக் காயவைத்து எடை போடுங்கள். பிறகு சொம்பு முழுகும் அளவுள்ள பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வைத்து, எண்ணைப் பூஜ்ஜியமாக்குங்கள். தராசு தாங்கும் எடையைத் தண்ணீர் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சொம்பை நூலில் கட்டி, பக்கத்திலும் அடியிலும் படாமல், உள்ளே காற்று நிற்காமல் முழுவதும் முக்கித் தொங்கவிட்டபடி பிடியுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம்தான் சொம்பின் உலோகம் அடைத்த இடம், மில்லிலிட்டரில். முதல் எடையை இதனால் வகுங்கள். 7.3 வந்தால் வெள்ளீயம். 730 கிராம் சொம்பென்றால் தராசு 100 காட்ட வேண்டும். பாதிக்குப் பாதி காரீயம் கலந்திருந்தால் அதே எடைக்கு 82தான் காட்டும், வகுத்தால் 8.9. விடை 2.7 என்றால் அது அலுமினியம், தூக்கும்போதே தெரிந்திருக்கும். மூன்று தரம் செய்து பாருங்கள், கை நடுங்கினால் எண்ணும் நடுங்கும். 8ஐத் தாண்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 7க்குக் கீழே வந்தாலும் சுத்தமான வெள்ளீயம் இல்லை என்றே அர்த்தம். இதே முறையில் 22 காரட் கெட்டித் தங்கம் 17.5ஐ ஒட்டி வரும், பித்தளை 8.5ஐ ஒட்டி வரும். உள்ளே கூடான நகைக்கும் அரக்கு அடைத்த நகைக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

தெருவில் வருகிறவர் தராசைப் பற்றி இரண்டு வார்த்தை. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலத்திலிருந்தே இது நமக்குத் தெரிந்த தொழில்தான், தராசு மட்டும் மாறியிருக்கிறது. சுருள்வில் தராசில் மூட்டையைத் தூக்கும்போது அடியில் ஒரு முழங்கால் முட்டுக் கொடுத்திருக்கும், அல்லது மூட்டையின் ஒரு முனை தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். மின்னணுத் தராசில் குறைத்துக் காட்டும்படி திருத்தம் செய்திருப்பார்கள். சிலவற்றில் அதை ரிமோட்டால் இயக்கவும் முடியும். அதனால்தான் "ஒரு கிலோ கல்லை வச்சுப் பாருங்க" என்று அவரே சொல்லும் சோதனையில் தராசு உத்தமமாக நடந்துகொள்ளும்.

நம் சோதனை வேறு மாதிரி இருக்க வேண்டும். வீட்டில் ஐந்து ஒரு கிலோ உப்புப் பாக்கெட் வாங்கி வையுங்கள். மூட்டை தராசில் தொங்கி எண் நின்றபிறகு, அதன் மேலேயே இரண்டு பாக்கெட்டைப் போடச் சொல்லுங்கள். எண் இரண்டு கிலோவும் கவரின் சில கிராமும் ஏற வேண்டும். 1.8தான் ஏறுகிறதென்றால் உங்கள் பித்தளையிலும் பத்தில் ஒரு பங்கு காணாமல் போகிறது. மின்னணுத் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை அரசு முத்திரை போட்டாக வேண்டும். எடைக்கற்களுக்கு 24 மாதம். முத்திரையில்லாத தராசைப் பற்றித் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம்.

எடை சரியாக இருந்தாலும் பெயரில் அடிப்பார்கள். வெண்கலத்தைப் பித்தளை விலைக்கு எடுப்பது பழைய வித்தை. வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது, பித்தளை செம்பும் துத்தநாகமும், விலை ஒன்றல்ல. விரலால் தூக்கிப் பிடித்துக் கரண்டியால் தட்டினால் வெண்கலத்தின் நாதம் நீண்டு அடங்கும், பித்தளை சட்டென நின்றுவிடும். அடிப்பக்கம் ஆணியால் கீறிச் சிவப்பு தெரிந்தால் செம்பு. இன்னொன்று, "கழிவு எல்லாத்தையும் மொத்தமா எடுத்துக்கிறேன்" என்று பேசுகிறவரின் கண் ஒரே ஒரு பொருளின் மேல் இருக்கும்: மூலையில் கிடக்கும் இனாமல் தூக்கு, தஞ்சாவூர் ஓவியம், மரப்பாச்சி. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு நாள் வெறும் கையோடு நடந்து, உங்கள் வீட்டில் இருப்பதைப் போன்றவற்றுக்கு என்ன விலை சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வந்தால் போதும். நூறு வருஷம் தாண்டிய கலைப்பொருளுக்கு 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் பொருந்தும். அதை விற்கும் வியாபாரிக்கு உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. பல புள்ளிகளுக்கு, அதாவது மணமான பங்காளிக் குடும்பங்களுக்கு, பொதுவான வீட்டில் காவல்காரரிடம் "எதுவும் வெளியே போகக்கூடாது" என்று வாயால் சொன்னால் போதாது. சாமான்களைப் படம் எடுத்து, பட்டியலை எல்லாப் பங்காளிகளுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவது காவல்காரருக்கும் பாதுகாப்பு.

மற்றவை சின்னச் சின்னது. பிரான்மலைத் தேன் என்று பக்கெட்டில் கொண்டுவருவார்கள். மேலே மிதக்கும் அடை அசல், கீழே இருப்பது பாகு. தண்ணீரில் விட்டால் நூலாய் இறங்கும், தாளில் ஊறாது, தீக்குச்சி எரியும், நாய் நக்காது என்று காட்டும் எந்தச் சோதனையும் தேனைச் சோதிப்பதில்லை. முதல் மூன்றும் கெட்டியாக இருக்கிறதா என்று மட்டுமே சொல்லும். கெட்டியாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகு அந்த மூன்றிலும் தேறிவிடும். நாயின் விஷயம் நாய்க்கே வெளிச்சம். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இல்லாத பாட்டிலை வாங்காதீர்கள்.

கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபிறகு விசைத்தறிப் புடவையெல்லாம் கண்டாங்கி ஆகிவிட்டது. நூல் உருவி எரித்துக் காட்டினால், எந்த இடத்தில் உருவுகிறார் என்று பாருங்கள். பாவில் ஒன்று, ஊடையில் ஒன்று என்று நீங்கள் உருவுங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து பொடியாகும், பாலியஸ்டர் உருகி உருண்டையாகும். ஆனால் தீ நாரைத்தான் சொல்லும், தறியைச் சொல்லாது. அதற்குக் கைத்தறி முத்திரையைத் தேடுங்கள். சாயத்துக்கு ஈரக் கைக்குட்டையால் ஒரு தேய்ப்பு.

"கேஸ் ஆபீஸ்லேர்ந்து வர்றோம்" என்று உள்ளே வந்து, சோப்பு நுரை தடவி, கசிகிறது என்று பயமுறுத்தி டியூப் விற்பவர்களும் உண்டு. நுரை தடவிய உடனே குமிழி இருக்கத்தான் செய்யும். அரை நிமிடம் விட்டுப் பார்த்தால் புதிதாகக் குமிழி ஊதிக்கொண்டே வந்தால் மட்டுமே கசிவு. ஏஜென்சி எண்ணுக்கு நீங்கள் போன் போட்டு ஆள் அனுப்பினார்களா என்று கேளுங்கள். அவர் போட்டுத் தரும் போனில் பேசாதீர்கள். ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபின் ஆயுள் ஐந்து வருஷம், காலாவதியாகும் ஆண்டு அதிலேயே அச்சாகியிருக்கும். நிஜமாகவே கசிந்தால் 1906.

பழையதை வாங்குகிறவர் ஜிபேயில் பணம் போட்டதாகத் திரையைக் காட்டுவார். அதுவும் அவர் சோதனைதான். உங்கள் வங்கிக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று உங்கள் போனில் பாருங்கள். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் போட வேண்டியதே இல்லை. போடச் சொன்னால் பணம் போகப் போகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் ஏமாந்துவிட்டால், வெட்கப்பட்டு மூடி வைக்கிற ஒவ்வொரு மணி நேரமும் அவர்களுக்கு லாபம். 112 அல்லது 100. பணம் யுபிஐயில் போயிருந்தால் 1930, எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் முடக்க வாய்ப்பு. மோசடிக்கு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆவது பிரிவு, பழைய 420. தெருவில் யார் வீட்டில் கேமரா இருக்கிறது என்று அன்றைக்கே கேளுங்கள். பழைய பதிவுகள் தானாக அழிந்துகொண்டே வரும். நகை பாலிஷ் போட்டவர்கள் அவசரத்தில் கிண்ணத்தை விட்டுப் போயிருந்தால், அந்தத் திரவத்தை முற்றத்துச் சாக்கடையில் கொட்டிவிடாதீர்கள். கையில் படாமல், கண்ணாடிக் கிண்ணமாக இருந்தால் அதிலேயே, இல்லையென்றால் மெல்லக் கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றி, இறுக மூடாமல், பிள்ளைகள் கைக்கெட்டாத இடத்தில் காற்றோட்டமாக வையுங்கள். எவர்சில்வரில் வைத்தால் பாத்திரத்தையும் தின்றுவிடும். போலீசுக்கு அது சாட்சி. உங்கள் தங்கம் இன்னும் அதற்குள்தான் இருக்கிறது.